ஹபீல் மச்சானின் இலகு வாகனம்

என் மூத்த சகோதரி ரபீகா ராத்தாவின் கணவர் ஹபீல் மச்சான் முப்பத்தொரு வருடம் லொறி ஓட்டியவர். பிலிமத்தலாவையில் ஒரு கட்டடப் பொருள் கடையின் லொறி. சீமெந்து, கம்பி, கூரைத் தகடு, பெயிண்ட் வாளி என்று ஏற்றிக்கொண்டு, கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் யார் எங்கே வீடு கட்டினாலும் அங்கே போய் இறக்கிவிட்டு வருவார். ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எத்தனையாவது வளைவில் எந்தக் கியருக்கு இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுவார். கலகெதரைக்கு மகள் நுஸ்ஹாவைக் கட்டிக்கொடுக்கப் பேச்சு வந்தபோதுகூட, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும் முன் அவர் சொன்னது, "அந்தப் பாதை நல்லம். மழைக்கும் சறுக்காது" என்பதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். சீனி வருத்தம் இடது கண்ணில் கைவைத்திருந்தது. இனிக் கனரக வாகனம் வேண்டாம், இலகு வாகனம் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ராத்தாவிடம் சொன்னாராம்:

"லைட் வெஹிகிள் ஓட்ட லைசன் தந்தீக்கிறாங்க. வெஹிகிளத்தான் தரல்ல."

அதன் பிறகு அவர் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் வீடு கெலிஓயாவில், பெரிய பாதையிலிருந்து இருபத்தாறு படிகள் மேலே இருக்கிறது. கீழே போகும் வாகனங்கள் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு, "டயர் காத்து கொறவு", "கிளச்சுல கால வச்சிக்கொண்டு போறான் மடையன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். ராத்தா தொலைபேசியில் என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

நான் மெல்பேர்ணில் இருக்கிறேன், பதினான்கு வருடங்களாக. தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கவலைப்படுவதுதான் முழுநேர வேலை. கண்டியில் கடும் மழை என்று செய்தி வந்தால் படிக்கட்டு வழுக்குமே என்று போன் எடுப்பேன். "மழய நீதான் பாக்கிற, நாங்க குடயப் புடிச்சிட்டு கடைக்குப் பெய்த்து வந்திட்டம்" என்பார் மச்சான். நான் பிறந்த ஊரில் தமிழிலும், பிறகு கண்டி நகரத்தில் ஆங்கிலத்திலும் படித்தவள். அதனால் பயப்படுவதற்கு எனக்கு இரண்டு மொழிகள் உண்டு.

ராத்தா வீட்டிலிருந்தபடி தைக்கிறவள். கலியாணத்துக்கு வாப்பா கொடுத்த கறுப்புக் கால் மெசின். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு, தொழுகை உடுப்பு, பெருநாளைக்கு யன்னல் திரை, எல்லாம் அதில்தான். அவளுக்கு முழங்கால் வலி வந்ததும் நான் இங்கே கடை கடையாக ஏறி, ஒரு சிறிய மின்சாரத் தையல் மெசின் வாங்கி, விமானத்தில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராத்தா அதைத் தடவிப் பார்த்தாள், துஆ செய்தாள், பெட்டியோடு அலுமாரியின் மேலே ஏற்றி வைத்தாள்.

"பெருநாளைக்கு எடுப்பம்."

நோன்புப் பெருநாள் வந்து போனது. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. அந்த அலுமாரியின் மேலே நான் கொடுத்த, துணி தேய்க்கும் மின் அழுத்தி, கோப்பைத் தொகுதி, சட்னி அரைக்கும் மெசின் எல்லாம் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த சாமானைப் பாவித்துத் தேய்ப்பது எங்கள் வீடுகளில் மரியாதைக் குறைவு.

போன வருடம் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு ஐந்து நாட்கள் இருக்கும்போது, புதன்கிழமை காலையில், ராத்தா அந்த இருபத்தாறு படிகளில் பதினெட்டாவதில் வழுக்கினாள். நான் வருடக் கணக்காகப் பயந்துகொண்டிருந்த அதே படி. வலது மணிக்கட்டு முறிந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு, ஆறு கிழமை கையை அசைக்கக்கூடாது என்று அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ராத்தா மேசையைப் பார்த்துத்தான் அழுதாள். அதில் நதாவின் உடுப்பு வெட்டிய துண்டுகளாகக் கிடந்தது.

நதா பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, கண்டி நகரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் நாள். வெள்ளை நீளச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, தலைக்குப் பர்தா. துணி அரசாங்கம் தருவது. ஒரு பிள்ளைக்கு ஓர் அளவு, ஓர் உடுப்புக்கு மட்டும். கடையில் வெள்ளைத் துணி வாங்கலாம்தான். ஆனால் அந்த வெள்ளை வேறு, இந்த வெள்ளை வேறு. பக்கத்தில் வைத்தால் பழைய பல்லும் புதுப் பல்லும் போலத் தெரியும். பழைய பள்ளிக்கூட உடுப்பு அவளுக்கு முழங்காலுக்கு ஏறிவிட்டது. அவளுடைய தகப்பன் ரஸீனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மகளை முதல் நாள் கொண்டுபோய்விட லீவு எடுத்து வருகிறார்.

"வேற ஆள்ட்ட தைக்கக் குடுப்பம்" என்றார் மச்சான்.

"யார் எடுப்பாங்க?" என்று கேட்டாள் ராத்தா.

மச்சானுக்கு அது விளங்கவில்லை. வியாழக்கிழமை துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கெலிஓயாவில் முஹ்ஸின் நானாவின் தையல் கடைக்குப் போனார். முஹ்ஸின் நானா பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

"இது வெட்டின துணி."

"ஓ, தச்சா மட்டும் காணும்."

"ஹபீல், அடுத்த ஆள் வெட்டினத நாங்க தொடுற இல்ல. கழுத்து இறங்கிட்டா யார்ட பிழை? வெட்டின கை தைக்கணும்."

"வெட்டின கை மாவுக்கட்டுல ஈக்கி நானா."

"அல்லாஹ் சொகமாக்கட்டும். ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

அன்று நான்கு கடைகளில் நான்கு டீ குடித்துவிட்டுப் பையோடு திரும்பி வந்தார். சீனி வருத்தக்காரருக்கு நான்கு டீ என்று கேள்விப்பட்டு நான் இங்கே பதறினேன்.

வந்தவர் நேரே கறுப்பு மெசினில் உட்கார்ந்து, உடுத்திப் பழசான தன் சாரம் ஒன்றை விரித்துக் காலால் மிதித்தார். சக்கரம் பின்பக்கம் சுற்றியது, நூல் அறுந்தது. மறுபடி கோர்த்து மிதித்தார். மறுபடி பின்பக்கம், மறுபடி அறுந்தது.

"இது ரிவர்ஸ்லயே போகுது" என்றார்.

"மெசின் இல்ல, ஒங்கட கால்" என்றாள் ராத்தா.

ஏழாவது தடவை சக்கரத்தைச் சுற்றும் தோல் பட்டி அறுந்தது. இரண்டு பேரும் அலுமாரியின் மேலே பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பெட்டியை இறக்கினார். எனக்கு வீடியோ கோல் வந்தபோது மச்சான் கையில் ஒரு கத்தி இருந்தது. ஒஸ்ரேலிய பிளக் அங்கே சுவரில் ஏறாது.

"மச்சான், வயர வெட்டாதீங்க. அடப்டர் ஒண்டு வாங்குங்க. கரண்ட் அடிக்கும்."

"தங்கச்சி, நான் கடுகண்ணாவ மலையில மழைக்குள்ள ஹெட்லைட் வயர் கட்டின ஆள்."

கேட்டுக்கொண்டே வெட்டிவிட்டார். புது பிளக் பூட்டி, பிஸ்மி சொல்லிச் சுவிச்சைப் போட்டார். மெசினில் ஒரு சிறிய விளக்கு எரிந்தது.

"ஹெட்லைட் ஒண்டுதான் ஈக்கி" என்றார். ஆனால் அவருடைய முகம், இரண்டு வருடமாக நான் போனில் பார்த்த முகமாக இல்லை.

நான் வழிகாட்டிப் புத்தகத்தை இணையத்தில் எடுத்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கி வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். ஒன்று, மெசினைச் சமமான மேசையில் வைக்க வேண்டும். இரண்டு, ஊசியின் தட்டையான பக்கம் பின்னால் இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக. முப்பத்திநாலு செய்திகள். வழியில் எனக்குத் தோன்றிய பயங்களையும் நடுநடுவே சேர்த்தேன். ஆறாவது செய்தியோடு அவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் தையலில் துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு போலத் திரண்டது. அடிநூல்தான் பிழை என்று நான் ஐந்து செய்தி எழுதினேன். மச்சான் பொபினைக் கழற்றினார், பூட்டினார், மறுபடி கழற்றினார். ராத்தா மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"மேல் நூலக் கோக்கக்குள்ள மெசின்ட கால் மேல ஈந்திச்சா கீழ ஈந்திச்சா?"

"கீழ."

"துணிய அமத்திப் புடிக்கிற அந்தக் காலத் தூக்கிட்டுக் கோருங்க. இல்லாட்டி நூல் உள்ளுக்குப் போய் உக்காராது. எந்த மெசினுக்கும் அதுதான்."

தூக்கிவிட்டுக் கோர்த்தார். நூல் ஓடும் பாதையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமும் அம்பும் இருந்தன. "மெசினுக்குள்ளயே ரோட் போட்டீக்கிறான்" என்று சந்தோஷப்பட்டார். இந்தத் தடவை தையல் இரண்டு பக்கமும் சுத்தமாக விழுந்தது.

ஆனால் பெடலில் காலை வைத்தால் எடுக்க மாட்டார். லொறிக்காரரின் பழக்கம். துணியைத் திருப்பும்போதும் கால் அதன்மேல் இலேசாக இருக்கும். மெசின் தன்பாட்டில் நாலு தையல் போய்விடும்.

"கிளச்சுல கால வச்சிக்கொண்டு போறான் மடையன்" என்றாள் ராத்தா, யன்னலைப் பார்த்துக்கொண்டு.

மச்சான் காலை எடுத்தார்.

சீமெந்துத் தரையில் பெடல் சறுக்கியது. பழைய டியூப் துண்டு ஒன்றை வெட்டி அதன் கீழே ஒட்டினார். இடது கால் மட்டும் அடிக்கடி தரையில் பிரேக் தேடியது. அதை நிறுத்த முடியவில்லை, விட்டுவிட்டார்கள்.

அந்தப் பின்னேரம் முழுக்க மாவு பேக்குகளிலும் சாரத்திலும் பழகினார். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புதிதாகத் தைக்கிறவர்களுக்கு நேர்த்தையல் வரும், வளைவு வராது. மச்சானுக்கு வளைவு வந்தது. ராத்தா சோக்கட்டியால் போட்டுக் கொடுத்த கழுத்து வளைவில், வேகத்தைக் குறைத்து, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கோட்டிலிருந்து நூலளவும் விலகாமல் போய் முடித்தார். நேர்த்தையல் தைக்கச் சொன்னால் மாடு குடித்துவிட்டுப் போன வழியாக இருந்தது.

"வாழ்க்கையில எங்க நேர் ரோட்ல ஓட்டினன் நான்?" என்றார்.

"ஊசியப் பாத்துக்கொண்டு ஓட்டுறீங்க. ஓட்டக்குள்ள டயரப் பாக்கிறதா, ரோட்டப் பாக்கிறதா?"

மச்சான் கொஞ்சம் யோசித்தார். ராத்தாவின் கட்டுக்கு ஆஸ்பத்திரியில் ஒட்டிய வெள்ளை பிளாஸ்டரில் மிச்சம் இருந்தது. ஒரு துண்டைக் கிழித்து, ஊசிக்கு வலது பக்கம் மெசின் தட்டில் நேராக ஒட்டினார். "வெள்ளக் கோடு" என்றார். துணியின் ஓரத்தை அந்தக் கோட்டோடு சேர்த்துக்கொண்டு ஊசியை மறந்துவிட்டுத் தைத்தார். நேரே போனது.

சனிக்கிழமை காலையில் நதாவின் துணியில் கைவைத்தார்கள். ராத்தா இடது கையால் துண்டுகளை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். "முப்பத்தொரு வருஷம் நீங்க டிரைவர். இப்ப நான் கிளீனர்" என்றாள். "கிளீனர் கதைக்கக்கூடாது" என்றார் மச்சான். காற்சட்டை பத்தரைக்கே முடிந்தது. சட்டையில் கழுத்து முடிந்தது, கைகள் ஏறின. பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பக்கத் தையலைத் தொடங்கினார். இடுப்புக்குக் கீழே சட்டை இரண்டு பக்கமும் பிளந்திருக்க வேண்டும், நடப்பதற்கு. நேர் ரோட்டும் வெள்ளைக் கோடும் கிடைத்த உற்சாகத்தில் அவர் பிளவு தொடங்கும் இடத்தில் நிறுத்தாமல் கீழ் விளிம்பு வரை ஓட்டிவிட்டார்.

"அல்லாஹ்வே, எங்க போறீங்க? பஸ் ஹோல்ட் தாண்டிப் பெய்த்தீங்க" என்று ராத்தா சொன்னபோது சட்டை சாக்குப் போல மூடியிருந்தது.

பிழை பெரிதில்லை, தையலைப் பிரித்தால் போதும். ராத்தா எப்போதும் பிளேடால் பிரிப்பாள். அவளுடைய கைதான் கட்டில் இருந்தது. மச்சான் பிளேடை எடுத்தார். கீழிருந்து மேலே ஒவ்வொரு தையலாக நன்றாகத்தான் வந்தார். மேலே வந்து முடிக்கும் இடத்தில், இடது பக்கத்திலிருந்து ஒரு மடிப்பு உள்ளே வந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பிளேடு நூலோடு சேர்த்துத் துணியையும் அறுத்தது. முன்பக்கத் துண்டில், ஒரு விரல் நீளம்.

மச்சான் பிளேடைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, எழுந்து போய் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார்.

"இடது பக்கத்தால வந்திச்சி" என்றார். "எனக்கு வெளங்கல்ல."

நான் அப்போதுதான் போனில் வந்தேன். தையல் பிரிப்பதற்கென்றே பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, கவைபோல, துணியை வெட்டாது. அதை நான் எழுதியிருந்தேன், பத்தொன்பதாவது செய்தியில். பதினெட்டாவது மெசினுக்கு மேல் ஈரத் துணி காயப்போட வேண்டாம் என்பது. எது முக்கியம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். கண்டியில் துணி வாங்குங்கள், நான் யாரிடமாவது சொல்லி அனுப்புகிறேன், பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"பர்ஹானா, நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள் ராத்தா. என்னைப் போனோடு மேசையில் சாய்த்து வைத்தாள். நான் மெசினையும் சட்டையையும் மச்சானின் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே ஒரு லொறி ஏற்றம் ஏறியது. மச்சான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது போய் முடிந்த பிறகு கேட்டார்:

"ரபீகா, இந்தப் பிளவுட மேல் மூல, மத்த உடுப்புல கிழியிற இல்லியா?"

"கிழியும். பஸ்ல ஏறக்குள்ள முதல்ல கிழியிறது அந்த இடந்தான். எல்லாப் புள்ளட உடுப்பும் அதுக்குத்தான் எனக்கிட்டத் திரும்பி வரும்."

"தார்ப்பாயும் அப்பிடித்தான். கயிறு இழுக்கிற மூலையில."

எழுந்து வந்தார். லொறித் தார்ப்பாயின் மூலை கிழிந்தால் டிரைவர்தான் தைக்க வேண்டும். மழைக்குள் சீமெந்து நனைந்தால் கடைக்காரரிடம் அவர்தான் நிற்க வேண்டும். கிழிசலை இழுத்துத் தைத்தால் மறுபடி கிழியும். உள்ளே ஒரு முக்கோணத் துண்டை வைத்து மூன்று பக்கமும் தைத்தால் மூலை தார்ப்பாயைவிட உறுதியாக நிற்கும். முப்பத்தொரு வருடம் செய்த வேலை. அதை யாரும் தையல் என்று சொன்னதில்லை, அவர் உட்பட.

வெட்டும்போது விழுந்த துண்டுகளை ராத்தா எறிவதில்லை. அதே துணி, அதே வெள்ளை. ஒரு முக்கோணம் வெட்டி உள்ளே வைத்து, அறுந்த விளிம்புகளைச் சேர்த்து, வளைந்து வளைந்து போகும் தையலில் மெசினைத் திருப்பினார். நேர்த்தையலைவிட அது அவருடைய ரோட்டுக்குப் பொருத்தம். மெதுவாக, காலை எடுத்து எடுத்து. முடிந்ததும் மறுபக்கப் பிளவின் மூலையிலும் அதேபோல ஒரு முக்கோணம் வைத்தார்.

"அது கிழியல்லயே" என்றாள் ராத்தா.

"ஒரு பக்கம் மட்டும் ஈந்தா ஒட்டுப் போட்டது எண்டு தெரியும். ரெண்டு பக்கமும் ஈந்தா மொடல்."

ஞாயிறு பின்னேரம் நதா வந்தாள். அந்தப் பிள்ளைக்கு வாய் அதிகம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

"ஹபீல் மாமா தச்சதா? அப்ப ஹோர்ன் எங்க?"

"அது புதுப் பள்ளிக்கூடத்துல நீயே அடிக்கிறதுதானே" என்றார் மச்சான். பிறகு குந்தி உட்கார்ந்து அந்த மூலையைக் காட்டினார். "மகள், இந்த இடத்த நான் பிளேடால வெட்டிட்டன். மறுகா தச்சன். ஒளிக்கேலா. நீ போட்டுக்கொண்டு போறது."

நதா குனிந்து பார்த்தாள். மற்றப் பக்கத்தையும் பார்த்தாள். நேரே வாசலுக்குப் போய், அந்த உடுப்போடு இருபத்தாறு படிகளும் கீழே ஓடி, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வந்தாள். வாசலில் ராத்தா பிடித்திருந்த போன் வழியாகப் பார்த்த எனக்குப் பதினெட்டாவது படியில் மூச்சு நின்றது.

"கிழியல்ல" என்றாள், மூச்சிரைக்க.

திங்கட்கிழமை காலையில் மச்சான் கீழே பாதைக்கு இறங்கிப் போனார். இரண்டு வருடத்தில் அவர் பஸ் வரும் நேரத்தில் அங்கே போய் நின்றதில்லை. ரஸீனும் நதாவும் கண்டி பஸ்ஸுக்கு நின்றார்கள். எங்கள் பஸ்களின் முதல் படி பிள்ளைகளுக்கு இடுப்பளவு உயரம். ரஸீன் பையை வாங்கிக்கொண்டார். நதா கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்தாள். தகப்பன் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே வந்து பிளேன்டீயை வாங்கிக்கொண்டு, "தையல் புடிச்சிச்சி" என்றாராம். அவ்வளவுதான்.

பஸ்ஸின் படியில் நதா நிற்கும் படத்தை ரஸீன் எடுத்து அனுப்பியிருந்தார். அது ராத்தாவின் போன் வழியாக எனக்கு வந்தது. நான் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். எந்தப் பக்கம் வெட்டுப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மச்சானிடம் கேட்டேன். "எனக்கும் நெனவில்ல" என்றார். அது பொய்.

ஆறு கிழமைக்குப் பிறகு ராத்தாவின் மாவுக்கட்டை வெட்டினார்கள். அதற்குள் பழைய உடுப்புகளோடு மூன்று தாய்மார்கள் படியேறி வந்து, நதாவுக்குப் போட்ட மாதிரி மூலைக்கு முக்கோணம் வைத்துத் தரச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மச்சான் அறுந்த தோல் பட்டிக்குப் பதில் புதிது வாங்கிக் கறுப்பு மெசினிலும் பூட்டிவிட்டார். அலுமாரியின் மேலே இருந்த மற்றப் பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. சட்னி மெசினின் வயரையும் வெட்டிவிட்டார் என்று கேள்வி. நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதிவிட்டு அழித்துவிட்டேன்.

அன்று வீடியோ கோலில் ராத்தா மெலிந்துபோன கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பிறகு எழுந்து போய் மெசினுக்கு முன்னால் நின்றாள். மச்சான் அதில் உட்கார்ந்து யாருடைய காற்சட்டையையோ தைத்துக்கொண்டிருந்தார். வலது கால் பெடலில். இடது கால் தரையில், பிரேக் இருக்க வேண்டிய இடத்தில்.

"கொஞ்சம் எழும்புங்க. என்ட தங்கச்சி எனக்குக் கொண்டுவந்த மெசின், ஒரு நாளாவது நானும் ஓட்டிப் பாக்கணும்."

மச்சான் காலை எடுத்தார். தையல் நின்றது. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"லைசன் ஈக்கா?"